வைக்கோல் இல்லாத வைக்கோல் கொட்டகை

ஹின்டர்மாட் தேவாலயப் பாடகர் குழுவின் சுற்றுலா செப்டம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. ஒருமுறை குழுத்தலைவரின் மகள் கல்யாணம் அதே நாளில் வந்து விழுந்தபோது, எல்லோரும் கூடிப் பேசி, கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். ஆகவே 2019ஆம் வருஷத்துச் சுற்றுலாவும் செப்டம்பர் பதினான்கு என்று வானத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. எங்கே போவது என்பதற்குத்தான் கூட்டம்.

"எதிர்மலைக் கோட்டைக்குப் போலாம்," என்றார் லீசலோட். சுற்றுலாப் பொறுப்பு பதினாறு வருஷமாக அவரிடம்தான். "மலையைக் குடைஞ்சு உள்ள பீரங்கி, படுக்கை, சமையல்கட்டுன்னு எல்லாம் அப்படியே வச்சிருக்காங்களாம். நம்ம கண்ணு முன்னாடி இருக்கு, நாம பார்த்ததேயில்ல. வேண்டாங்கறவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை எழுந்தது. அது ஆல்பின் ரோரருடைய கை. வயது எழுபத்தேழு, இரண்டாம் வரிசை அடிக்குரல், ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊருக்குக் கடிதம் கொடுத்தவர். தபால் அட்டையைக்கூடக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே வந்து கொடுப்பார். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், சொல்லலாமா கூடாதா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அப்படிப்பட்டவர் கையைத் தூக்கியதே ஊருக்கு ஒரு செய்தி.

"ஏன் ஆல்பின், என்ன ஆட்சேபணை?"

"அது... ரொம்பப் பக்கத்துல இருக்கு."

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான ஆட்சேபணைதான். சொந்த வீட்டுப் புகைபோக்கி கண்ணில் படுகிற இடத்துக்குப் போவதை எங்கள் ஊரில் சுற்றுலா என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் லீசலோட் சாமான்யப்பட்டவர் அல்ல. ஒரே வாரத்தில் திட்டம் போட்டுவிட்டார். காலை ஏழரைக்குப் பேருந்து. புருனிக் கணவாயைத் தாண்டி ஒன்பது பத்துக்குக் காபியும் பாதாம்பருப்புப் பூரணம் வைத்த பிறைரொட்டியும். அப்புறம் பிரியன்ஸ் ஏரியில் படகு, கரையில் மத்தியானச் சாப்பாடு. மறுபடி கணவாய் ஏறி இறங்கி, மலையைப் பின்பக்கமாகச் சுற்றி, சரியாக இரண்டு மணிக்குக் கோட்டையின் பின்வாசல். மொத்தம் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். புல்வெளிப் பாதையில் நடந்தால் இருபது நிமிஷம்கூட ஆகாது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, எடுத்துச் சொல்வது நாகரிகமும் இல்லை.

ஆல்பின் தூக்கிய கை கீழே இறங்கியது.

அவருக்கு என்ன பயம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி தெரேஸுக்கு அவர் ஒரு பொய் சொல்லியிருந்தார். அந்தப் பொய்க்கு அன்றைக்கு வயது ஐம்பத்தொன்று.

எதிர்மலைச் சரிவில் ஒரு வைக்கோல் கொட்டகை இருக்கிறது. மரச்சுவர், சாய்ந்த கூரை, இரண்டு சன்னல், சன்னலடியில் பூத்தொட்டி, தொட்டி நிறையச் சிவப்புப் பூக்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காலண்டரில் போடலாம். கிட்டே போனால் சுவர் முழுக்க ஒரு மீட்டர் கனத்துக் காங்கிரீட். மரம், சன்னல், பூ எல்லாம் பெயின்ட். உலகப் போரின்போது கட்டியது. உள்ளே இரண்டு பீரங்கியும், பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு பெரிய தொலைநோக்கியும். எங்கள் நாட்டு ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் வருஷத்தில் மூன்று வாரம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பட்டாளப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஆல்பினுக்கு எழுதியிருந்த இடம் அந்தக் கொட்டகை. இடத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தார். யாரிடமும் என்றால் பெண்டாட்டியும் சேர்த்திதான்.

ஆகவே ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் மூட்டை கட்டி, தெரேஸிடம் முத்தம் வாங்கிக்கொண்டு, பேருந்து ஏறி, ரயில் பிடித்து லூசெர்ன் போவார். அங்கே படுதா போட்ட லாரியில் ஏற்றி, மலையைச் சுற்றிக் கொண்டுவந்து பின்வாசலில் தள்ளுவார்கள். காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட மனிதர் சாயங்காலம் அதே வீட்டுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்திருப்பார்.

அவருக்குக் கண்காணிப்பு வேலை. பள்ளத்தாக்கில் எது அசைந்தாலும் மணி, நிமிஷத்தோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். அசைவதற்கு அங்கே என்ன இருந்தது? பதினான்கு வீடு, ஒரு தேவாலயம், பாலாடைக்கட்டிப் பண்ணை. நான்காம் எண் வீட்டில் தெரேஸ். அவள் துணி காயப்போட்டதையும் கோழிக்குத் தீனி போட்டதையும் அவர் வருஷா வருஷம் நாட்டின் பாதுகாப்புக்காகக் குறித்துவைத்தார். ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் 'அந்நியப் படை நடமாட்டம் இல்லை' என்று எழுதுவது விதி.

1968 செப்டம்பர் பதினான்கு காலையில் அவர் தொலைநோக்கியில் பார்த்தது வேறு காட்சி. நிறைமாதக்காரி தெரேஸ் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மாற்றுத் தபால்காரனிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். வலி தொடங்கிவிட்டது, உடனே வா என்று எழுதியிருப்பாள். விலாசம் ராணுவ அஞ்சல் எண். அந்தக் கடிதம் எங்கெங்கே போகும் என்று தபால்காரருக்குத் தெரியாதா? மிதிவண்டியில் பேருந்துக்கு, பேருந்தில் ரயிலுக்கு, ரயிலில் லூசெர்னுக்கு, அங்கிருந்து ராணுவ அஞ்சல் பிரிப்பகத்துக்கு. நடுவில் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை ரொட்டி லாரியோடு இதே வாசலுக்கு வந்து சேரும். தனக்கு வரவேண்டிய கடிதம் தன்னைவிட்டு விலகிப் போவதை அவர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேப்டனிடம் ஓடினார்.

"சார், என் பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சு. லீவு வேணும்."

"யார் சொன்னது?"

"நானே பார்த்தேன் சார்."

"எங்கேயிருந்து?"

"இங்கேயிருந்துதான்."

"இங்கேன்னா எங்கேப்பா? இந்த இடம் எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அப்போ இங்கேயிருந்து பார்த்தா எந்த வீடு தெரியும்னும் யாருக்கும் தெரியாது. லீவு மனுவுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு ரோரர். அதுல என்னன்னு எழுதுவ?"

ஆல்பின் யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

"கடுதாசி வரட்டும். வந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் உனக்கு எதுவும் தெரியாது." கேப்டன் கெட்டவர் அல்ல. நான்கு பிள்ளை பெற்றவர். தன் பையிலிருந்து ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆல்பின் பின்வாசல் வழியாக லாரியில் லூசெர்னுக்குப் போய், அங்கே ரயிலடியில் ஒரு மரக் கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு, ரயிலும் பேருந்துமாக மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார். தொட்டிலில் பெர்னடெட் என்று பெயர் வைக்கப்போகிற மகள். தெரேஸ் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப தூரமோ?"

"சொல்லக்கூடாதும்மா. ஆனா... ஆமா. தூரம்தான்."

"ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்க. உட்காரு, சூப் சூடு பண்றேன்."

அந்த சூப் அவருக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. வாசலில் எதிர்மலையைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் அவர் அன்றிலிருந்து உட்காருவதே இல்லை. கேட்டால் இடுப்புவலி என்பார்.

உண்மையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வராமல் இல்லை. 1998இல் ராணுவம் கோட்டையைக் கைகழுவியது. செய்தி பேப்பரில் வந்தது. "பாரேன், நம்ம எதிர்ல இருக்கற கொட்டகை கோட்டையாம்!" என்று தெரேஸ் உரக்கப் படித்தாள். ஊரே "அப்படியா!" என்று வாய் பிளந்தது. ஆல்பினும் பிளந்தார். "நீ போனது ஒருவேளை இதுதானோ?" என்று அவள் கேட்டாள். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "சேச்சே, நான் போனது வேற. இதைவிடப் பெரிசு," என்றார் அவர். "ஓ," என்று சொல்லி அவள் பக்கத்தைப் புரட்டினாள். அதற்கப்புறம் இல்லாத அந்தப் பெரிய கோட்டையைப் பராமரிக்கிற பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. இருபது வருஷத்தில் அதற்குள் ஒரு குட்டி ரயிலும் ஆஸ்பத்திரியும் வந்து சேர்ந்தன.

சுற்றுலாவுக்குப் பத்து நாள் முன்பு, பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆல்பின் கோட்டையை நோட்டம்விடப் போனார். சாவிக்கொத்தோடு நின்றவர் வெண்டெலின். ஒரு காலத்தில் கோட்டைக் காவலராக இருந்தவர், இப்போது அருங்காட்சியகச் சங்கத்தின் செயலாளர், வழிகாட்டி, துடைப்பம் பிடிப்பவர் எல்லாம் அவரே. கண்காணிப்பு அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை அவர் பெருமையோடு காட்டினார்.

"எல்லாக் குறிப்பேட்டையும் அழிக்கச் சொல்லி உத்தரவு. அழிச்சுட்டோம். இது மட்டும் தப்பிச்சுது. சமையல்கட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை, அதுக்கு முட்டுக் குடுத்திருந்தாங்க. அறுபத்தெட்டாம் வருஷம். தினமும் காலையில அன்னைய தேதிப் பக்கத்தைத் திறந்து வைப்பேன்."

செப்டம்பர் நான்கு. 'நான்காம் எண் வீட்டுப் பெண் துணி காயப்போடுகிறாள், ஏழு உருப்படி.' நீல மையில் குண்டு குண்டான எழுத்து. அந்தக் கையெழுத்தை ஐம்பத்தெட்டு வருஷமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் பார்த்து வருபவள் தெரேஸ்.

"வெண்டெலின், ஒரு உதவி. பதினாலாம் தேதி மட்டும் ஒரு பக்கம் தள்ளித் திறந்து வையேன். பதினஞ்சைத் திறந்துடு, அன்னைக்கு எழுதினது வேற ஆள்."

"அப்போ பதினஞ்சாம் தேதி எதைத் திறக்கறது?"

"அதையேதான் திறயேன்!"

"ஒரே பக்கத்தை ரெண்டு நாளா? பார்க்க வர்றவங்களை ஏமாத்தற மாதிரி ஆகுமே." வெண்டெலினுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "தினம் ஒரு பக்கம்னு சங்க விதியில இருக்கு ஆல்பின். மாத்தணும்னா பொதுக்குழு கூடணும். அடுத்த பொதுக்குழு மார்ச்சுல."

பதினான்காம் தேதி காலை ஏழரைக்குப் பேருந்து கிளம்பியது. ஏழு இருபத்தொன்பதுக்கே எல்லோரும் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பினிடம் ஒரே ஒரு உபாயம்தான் மிச்சம். எப்படியாவது நேரத்தைக் கடத்த வேண்டும். மூன்று மணிக்கு மேல் போனால் அடுத்த குழு வந்துவிடும், கோட்டைக்குள் விடமாட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார்.

காபிக்கடைக் கழிவறையில் பன்னிரண்டு நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். லீசலோட் கலங்கவில்லை. திட்டத்தில் 'எதிர்பாராத தாமதம்: பதினைந்து நிமிடம்' என்று அச்சிட்டே இருந்தது. மூன்று நிமிஷம் மிச்சம் பிடித்தாயிற்று என்று அவர் சந்தோஷப்பட்டார். படகில் ஆல்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். தெரேஸ் கைப்பையைத் திறந்து, சர்க்கரைக்கட்டியில் மூலிகைச் சாறு நான்கு சொட்டு விட்டு வாயில் போட்டாள். சனியன் பிடித்த சாறு, உண்மையாகவே வயிறு லேசாகிவிட்டது. மத்தியானம் உருளைக்கிழங்கு ரோஷ்டி இரண்டாம் தட்டு கேட்டார். சுடச்சுட உடனே வந்தது.

"என்ன ஆல்பின், பசி பலமா இருக்கு?" என்றாள் தெரேஸ். "காலையில வயித்துவலின்னே."

"ஏரிக் காத்து."

"அப்படியா," என்றாள் அவள். அவளுடைய 'அப்படியா' எப்போதுமே கொஞ்சம் நீளமானதுதான். ஆல்பின் ஒரு நாளும் அதை அளந்து பார்த்ததில்லை.

ஒன்று ஐம்பத்தெட்டுக்குப் பேருந்து கோட்டையின் பின்வாசலில் நின்றது. வெண்டெலின் உள்ளே நின்றுகொண்டு, இரண்டு நிமிஷம் கழித்துத்தான் கதவைத் திறந்தார்.

சுரங்கப்பாதையில் நல்ல குளிர். மண்ணெண்ணெயும் பழைய பாலாடைக்கட்டியுமாக அதே வாசனை. வெண்டெலின் முன்னால் போனார். "அடுத்த வளைவுல உத்தரம் தாழ்வா இருக்கு, தலை பத்திரம்," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆல்பின் குனிந்து, அந்தப் பக்கம் போய், நிமிர்ந்தும் ஆயிற்று. அது அவர் முதுகாகவே செய்த காரியம். அவரைக் கேட்டுச் செய்யவில்லை.

"பழக்கம் போல," என்றாள் தெரேஸ்.

"எல்லாக் கோட்டையும் ஒண்ணுபோலத்தான்."

"உங்க பெரிய கோட்டையிலயும் மூணாவது வளைவுலதான் உத்தரமா?"

அவர் நடையை எட்டிப் போட்டார். படுக்கையறை, சமையல்கட்டு, பீரங்கி என்று ஊர்வலம் போனது. சமையல்கட்டில் ஒரு கால் குட்டையான மேஜை, முட்டுக் கட்டை போன துக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் கண்காணிப்பு அறை வந்தது. ஆல்பின் கூட்டத்தை இடித்துக்கொண்டு முதலில் உள்ளே நுழைந்து, கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து, மேல்சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கோழி குஞ்சைப் பொத்துகிற மாதிரி.

"எல்லாரும் தொலைநோக்கியைப் பாருங்க, நல்லா இருக்கும்," என்றார்.

"ஆல்பின், பெட்டியை மறைக்கற," என்றார் லீசலோட்.

"எனக்குத் தலை சுத்துது. அசைஞ்சா விழுந்துடுவேன்."

"அப்போ உட்காரு," என்று தெரேஸ் அவர் கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்த இரும்பு முக்காலியில் உட்கார வைத்தாள். அதே முக்காலி. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கொஞ்ச நேரம் மனதுக்குள்ளேயே படித்தாள். அப்புறம், கடைப்பட்டியலைப் படிக்கிற குரலில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஒன்பது பத்து. நான்காம் எண் வீட்டுப் பெண் மாற்றுத் தபால்காரரிடம் கடிதம் கொடுக்கிறாள். அவர் மிதிவண்டியில் தெற்கே செல்கிறார். அந்நியப் படை நடமாட்டம் இல்லை.

பதினொன்று ஐந்து. அதே பெண் வாசல் பெஞ்சில் உட்காருகிறாள். பதினொன்று இருபது, எழுகிறாள். பதினொன்று முப்பத்திரண்டு, உட்காருகிறாள். இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஒன்று நாற்பது. மருத்துவச்சியின் கார், சிவப்பு. ஒன்று நாற்பத்தைந்து. பெஞ்சு காலி.

இரண்டு மணி, கதவு மூடியிருக்கிறது. இரண்டே கால், கதவு மூடியிருக்கிறது. இரண்டரை, கதவு மூடியிருக்கிறது..."

கால் மணிக்கு ஒன்றாக, மூடிய கதவு பன்னிரண்டு முறை வந்தது. அவள் ஒன்றையும் விடவில்லை.

"நாலு ஐம்பத்திரண்டு. மருத்துவச்சி சன்னலைத் திறக்கிறாள். கொடியில் சிறிய துணிகள், மூன்று. வானம் தெளிவு. அந்நியப் படை நடமாட்டம் இல்லை."

பாடகர் குழு மொத்தமும் கூரையைப் பார்த்தது. ஆல்பின் மலை இடிந்து விழுவதற்காகக் காத்திருந்தார். அது இடியாத மலை என்று அவருக்கே தெரியும், அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

"தெரேஸ், நான் வந்து..."

"ஒண்ணு கேக்கறேன் ஆல்பின். வலி எடுத்தவ எங்கயாவது கட்டில்ல படுக்காம வெயில்ல போய் பெஞ்சுல உட்காருவாளா?"

ஆல்பின் தொலைநோக்கிப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டு மணி நாப்பது நிமிஷம். இந்தத் தொலைநோக்கிக்கு நேரா. நீ பார்க்கணும்னுதான்."

"உனக்கு... உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் ஆல்பின்," என்றார் லீசலோட், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஜனவரி மாசப் பனியில பூ பூக்கற கொட்டகையை எங்கயாவது பார்த்திருக்கியா? மாடு போகாத கொட்டகைக்கு அறுபது ரொட்டி போகுது. எங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்போ ஏன் யாரும் சொல்லல?"

குழுவே அதிர்ச்சியோடு அவரைத் திரும்பிப் பார்த்தது. முதல் வரிசை உச்சக்குரல்காரி ஒருத்தி மார்பில் கைவைத்தாள்.

"ரகசியமாச்சே!" என்றார் லீசலோட். "ரகசியத்தைப் போய் எப்படிச் சொல்றது?"

ஆல்பின் முக்காலியில் இன்னும் கொஞ்சம் சின்னதானார். ஐம்பத்தொரு வருஷம் ஊரிடமிருந்து அவர் காத்த ரகசியத்தை, ஊரே சேர்ந்து அவரிடமிருந்து காத்திருக்கிறது. அந்தக் குட்டி ரயிலையும் ஆஸ்பத்திரியையும் அவர்கள் எவ்வளவு மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார்கள் என்று நினைத்தபோது காது சுட்டது.

"லெட்டர் இல்லாம உன்னை விடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் தெரேஸ். "அதனாலதான் எழுதினேன். ஆனா நீ தபால்காரன். குறுக்கு வழி ஏதாவது உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். வரல. சரி, எப்பவோ ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு சீட்டாடப் போயிட்டான்னு நினைச்சுக்கிட்டேன். என்னைக்காவது நீயா சொல்வேன்னு இருந்தேன்."

பிறகு அவள் வெண்டெலின் பக்கம் திரும்பினாள். "இங்கே ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் முறை?"

"ரெண்டு மணி நேரம். ஒரு நிமிஷம் கூடக் கிடையாது. கண்ணு அலுத்துடும்."

தெரேஸின் விரல் கண்ணாடிப் பெட்டியின்மேல் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. ஒன்பது பத்திலிருந்து நாலு ஐம்பத்திரண்டு வரை. "எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே."

வெண்டெலினும் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பதினொரு வருஷமாக இந்தப் பெட்டியைத் துடைப்பவர் இதைக் கவனிக்கவில்லை. "இது விதிக்குப் புறம்பாச்சே! நாலு ஆள் நின்னிருக்கணும்."

"மத்தவங்க முறையையும் நானே வாங்கிக்கிட்டேன்," என்றார் ஆல்பின். குரல் அடிக்குரலுக்கும் அடியில் போயிருந்தது. "ஒருத்தனுக்கு மத்தியானச் சாப்பாடு, ஒருத்தனுக்கு ராத்திரிச் சாப்பாடு. மூணாவது ஆளுக்கு கேப்டன் குடுத்த சாக்லேட்."

தெரேஸ் கண்ணாடியைக் கழற்றி, பாவாடை நுனியில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"இது எனக்குத் தெரியாது," என்றாள்.

ஆல்பினுக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. அவள் அவரைப் பார்த்தாள், ஆனால் அந்தப் பார்வை இளகியதாகச் சொல்லிவிட முடியாது.

"நீ வராததை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். ஏழே முக்கால் மணி நேரம் நின்னு பார்த்துட்டு வராததை என்ன பண்றதுன்னு தெரியல. யோசிக்கணும்."

மூன்று மணிக்குக் குழு பேருந்துக்குத் திரும்ப வேண்டும். லூசெர்ன் வழியாக மாலைச் சிற்றுண்டி, ஏழே காலுக்கு ஊர். "நாங்க ரெண்டு பேரும் இப்படியே நடந்து போறோம்," என்று தெரேஸ் சொன்னபோது லீசலோட் திட்டத்தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் யாரும் சுற்றுலாவிலிருந்து நடுவில் இறங்கியதில்லை, அதற்கு வரியே இல்லை.

"முன்பக்கமா வழி இருக்குல்ல?" என்று தெரேஸ் வெண்டெலினைக் கேட்டாள்.

"கொட்டகைக் கதவு. அது அவசர வழி. அவசரம்னாத்தான் திறக்கணும்."

"அம்பத்தோரு வருஷமா அவசரம்தான்."

வெண்டெலின் யோசித்தார். விதியில் அதற்கு இடம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சாவிக்கொத்தில் துருப்பிடித்த சாவி ஒன்றைத் தேடி எடுத்தார். பெயின்டில் வரைந்த மரக்கதவு, உள்ளே இரும்பாக முனகிக்கொண்டு திறந்தது. வெளியே வெயில், புல்வெளி, கீழே பதினான்கு வீடு.

தெரேஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்க ஆரம்பித்தாள். ஆல்பின் பின்னால் போனார். அவளுக்கு இரண்டு முழங்காலும் மோசம், அவருக்கு இடது பக்கம் மட்டும். மாட்டு வேலியை ஒருவருக்கொருவர் தூக்கிப் பிடித்துக் கடந்தார்கள். ஓடைப் பலகையில் அவள் கையை நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார், தாண்டியதும் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

நான்காம் எண் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினெட்டு நிமிஷம்," என்றாள். "இந்தக் காலை வச்சுக்கிட்டு."

ஆல்பின் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சாவியைத் திருகிக் கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்து நின்றாள்.

"ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்க. உட்காரு, சூப் சூடு பண்றேன்."

"தூரம் இல்ல தெரேஸ்," என்றார் ஆல்பின். "எதிர்லேர்ந்துதான் வர்றேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். "பெஞ்சுல உட்காரு."

அவர் உட்கார்ந்தார்.